யாரும் பார்க்காத விளிம்பு

ஸ்காபரோ,
மாசி மாதம்

அன்பு மருமகளுக்கு,

பியானோவின் இரும்புப் பிளேட்டைத் தூக்குவதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று இரவோடிரவாக எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "ஓம் மாமா, ஓம் மாமா" என்பாய், அளவுகளெல்லாம் காற்றோடு போய்விடும். கடிதமென்றால் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்க்கலாம்.

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுருதி ஆணிகளைச் சுற்றி மரம் கறுத்துக் கிடக்கிறது. நடுப்பகுதியில் ஒரு ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு வெடிப்பு ஓடியிருக்கிறது. யாரோ முன்பு சில ஆணிகளைக் கழற்றிவிட்டுத் தடித்த ஆணி போட்டிருக்கிறார்கள். இன்னும் சிலவற்றின் துவாரத்துக்குள் மண்தாளைச் சுருட்டிச் செருகியிருக்கிறார்கள். சுருதி கூட்டும் ரியூனர்கள் இரண்டு தலைமுறையாக அந்தப் பியானோவை எப்படியோ பிடித்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். இனி நிற்காது. ஆணிகளைப் பிடித்து நிற்கும் மரப்பலகை, அதாவது பின்பிளாக், புதிதாக வேண்டும் என்று நீ சொன்னது சரிதான்.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அந்த முடிவை நீ கண்ணால் எடுத்தாயா, முறுக்குமானியால் எடுத்தாயா? புதிய பிளாக்கில் ஒரு ஆணியைத் திருப்ப 100 அங்குல-பவுண்டுக்குச் சற்று மேலோ கீழோ விசை வேண்டும். 60, 70 இருந்தால் பியானோ இன்னும் பல வருடம் ஓடும். 40க்குக் கீழே போய்விட்டால் சுருதி நிற்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எல்லா ஆணிகளையும் அளந்து ஒரு தாளில் எழுது. பத்து இருபது மட்டும் தளர்ந்திருந்தால், நீர்போல் மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையை ஆணியடியில் விட்டால் போதும், செலவு மிகக் குறைவு. பழைய ஆட்கள் இதை ஏமாற்று வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜூலை முதலாம் தேதி வீடு மாறும் நாளில் மொன்றியலில் உன் வில்லரே நடைபாதைகளில் "இலவசம்" என்று எழுதிய தாளோடு அப்ரைட் பியானோக்கள் நிற்பதை நீயும் பார்த்திருப்பாய். அவற்றில் ஒன்றை வைத்திருக்கும் குடும்பத்திடம், பல ஆயிரம் டொலர் செலவழித்துப் பின்பிளாக் மாற்றுங்கள் என்று சொல்வதுதான் ஏமாற்று வேலை. அப்ரைட்டில் அந்த பிளாக் முதுகுச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரித்தெடுக்கும் கூலியே பியானோவின் விலையைத் தாண்டும். பசையை விடு, சுருதி கூட்டு, வீட்டுக்கு அனுப்பு.

உன் கையில் இருப்பது கிராண்ட். ஒலிப்பலகை வளைவு குலையாமல் இருக்கிறது, பிளேட்டில் வெடிப்பில்லை, உரிமையாளர் அம்மாவுக்கு அதை விற்கும் எண்ணமும் இல்லை. அதனால் வேலைக்குப் பெறுமதி உண்டு. எழுத்தில் கணக்குக் கொடு, பிரெஞ்சில் கொடு. அந்த அம்மாவிடம் பின்பிளாக்கைச் "சொமியே" என்று சொல், அவருக்கு அது விளங்கும். என்ன செய்யப்போகிறாய், எத்தனை மாதமாகும், முதல் வருடத்தில் எத்தனை முறை சுருதி கூட்ட வேண்டிவரும் என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். நாலு முறை என்று எழுது. புதுக் கம்பி இழுபடும், அதைத் தடுக்க ஒருவராலும் முடியாது.

அந்த மரம் ஏன் செத்தது என்பதை விளங்கிக்கொள். இல்லாவிட்டால் நீ வைக்கும் புதிய மரமும் அதே வழியில் போகும். தை மாதத்தில் மொன்றியல் வெளிக்காற்று சராசரியாக உறைநிலைக்குப் பத்துப் பாகை கீழே இருக்கும். அந்தக் குளிர்காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், உள்ளே இழுத்து 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் 12 வீதத்துக்குக் கிட்டவாக விழுந்துவிடும். சமையலும் மூச்சும் குளியலும் அதை இருபதுக்கோ இருபத்தைந்துக்கோ ஏற்றும், அவ்வளவுதான். ஆடி ஆவணியில் அதே வீட்டில் அறுபது எழுபது இருக்கும். வருடாவருடம் மரம் ஊதுகிறது, சுருங்குகிறது. ஊதும்போது துவாரத்தின் சுவர் எஃகு ஆணியில் மோதி நசுங்குகிறது. இரும்பு விலகாது, நசிவது மரத்தின் நார்தான். பனிக்காலத்தில் சுருங்கும்போது நசிந்த நார் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. துவாரம் ஒரு மயிரளவு பெரிதாகிவிடுகிறது. நூறு பனிக்காலம் அப்படி நடந்திருக்கிறது. செய்தவனிலோ வாசித்தவனிலோ குற்றமில்லை. இந்த ஊரில் பியானோ வைத்திருப்பதற்குக் கொடுக்கும் வரி அது.

உன் பட்டறையும் அதே ஊரில்தான் இருக்கிறது. பின்சந்துப் பக்கம் பெரிய கதவு, சுவரடியில் மின் ஹீற்றர். மாசியில் அதற்குள் வைத்த மரம் எலும்பாய் வறண்டிருக்கும். அந்த நிலையில் இரும்போடு இறுகப் பொருத்தினால் கோடையில் அது இரும்பை முட்டித் தள்ளும். ஈரமானி ஒன்று வாங்கு, இரண்டு வாங்கினால் இன்னும் நல்லது. ஈரமூட்டியைப் போட்டு 40, 45 வீதத்தில் அறையைப் பிடித்து வை. பிளாக்குக்கான பலகையைக் கொண்டுவந்து சில கிழமையாவது அங்கே கிடக்கவிட்டு, பிறகு வாளை எடு.

இனி இந்த வேலையின் நடுப்பகுதிக்கு வருகிறேன்.

ஒரு கிராண்டில் ஏறத்தாழ 230 கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் சராசரியாக 70, 80 கிலோ இழுவையில் நிற்கிறது. கூட்டினால் 16 முதல் 18 தொன். பெரிய மேடைப் பியானோக்களில் இது இன்னும் கூடும். ஆரம்பத்தில் இந்தச் சுமையை மரச்சட்டமே தாங்கியது. அதனால்தான் அந்தக் காலத்துக் கம்பிகள் மெல்லியவை, ஒலியும் சிறியது. 1825இல் பொஸ்ரனில் அல்ஃபியஸ் பாப்கொக் என்பவர் ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் செய்து காப்புரிமை பெற்றார். அது சதுரப் பியானோவுக்கு. 1843இல் அதே ஊரில் ஜோனஸ் சிக்கரிங் கிராண்டுக்கும் அப்படியொரு சட்டத்துக்குக் காப்புரிமை எடுத்தார். அதன்பிறகு கம்பி தடித்தது, இழுவை ஏறியது, மண்டபங்கள் பெரிதாயின.

ஆனால் இரும்பு வந்த பிறகும் ஆணிகள் மரத்தில்தான் நிற்கின்றன. மரம்தான் ஆணியைப் பிடிக்கவும் வேண்டும், ரியூனர் திருப்பும்போது விட்டுக்கொடுக்கவும் வேண்டும். நம் வீணையின் பிரடையும் மரத்தின் உராய்வில்தான் நிற்கிறது. ஆனால் பிரடை கூம்பு வடிவம். தளர்ந்தால் வாசிப்பவரே உள்ளே அழுத்தித் திருகிக்கொள்ளலாம். பியானோ ஆணி நேர் உருளை. உள்ளே அடித்துவிட்டால் துவாரம் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுதான். அதனால் இழுவை செல்லும் பாதையைப் பார்: கம்பியிலிருந்து ஆணிக்கு, ஆணியிலிருந்து பிளாக்குக்கு, பிளாக்கிலிருந்து இரும்புக்கு. அந்தக் கடைசிக் கைமாற்றம் நடக்கும் இடம் பிளேட்டின் அடியில் இருக்கிறது. ஆணிகள் வரும் தட்டையான பகுதியின் பின்னோரத்தில் ஒரு இரும்பு விளிம்பு கீழ்நோக்கி இறங்கும். ஃபிளேஞ்ச் என்கிறோம். 230 கம்பியும் பிளாக்கைப் பியானோவின் வால்பக்கம் இழுக்கும்போது, பிளாக்கின் பின்முகம் போய் முட்டி நிற்பது அந்த விளிம்பில்தான்.

அங்கே மரமும் இரும்பும் முழுநீளத்துக்கும் முட்டினால் பியானோ சுருதியில் நிற்கும். ஆங்காங்கே மட்டும் முட்டினால், முட்டாத இடங்களில் பிளாக் மெல்ல மெல்ல நகரும், வளையும், திருகாணிகள் சாயும். உச்சத் தந்திகளில் இது முதலில் தெரியும். கடைசி ஸ்வரத்தின் பேசும் நீளம் ஐந்து சென்ரிமீற்றர்தான். அங்கே பிளாக் நகரும் தூரம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காது பிடித்துவிடும். வாடிக்கையாளர் ரியூனரைக் குறை சொல்வார், ரியூனர் ஆணியைக் குறை சொல்வார். பிளேட் மேலே மூடியிருப்பதால் ஃபிளேஞ்சை ஒருவரும் பார்ப்பதில்லை. புதிய ஆணிகளை வரிசையாக நீலமாய் மினுங்கவைத்துப் படமெடுத்துப் போடுபவர்களைக் கண்டால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது, பிளேட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்த படம் எங்கே என்பதுதான்.

கம்பிகளை இறக்கும்போது அவசரப்படாதே. ஒரு முனையிலிருந்து வரிசையாக வெட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒரு பக்கம் வெறுமையாகவும் மறுபக்கம் பல தொன் இழுவையோடும் நின்றால் வார்ப்பிரும்பு அதை விரும்பாது. எல்லா ஆணிகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, பல சுற்றாகத் தளர்த்து. வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்குவதில் அசுரன், வளைவதில் கோழை. பியானோக் கலைஞர் கிளென் கூல்டின் பியானோ கதை உனக்குத் தெரிந்திருக்கும். சிடி 318 என்ற அந்த ஸ்ரைன்வேயை 1971இல் கிளீவ்லண்டிலிருந்து ரொறன்ரோவுக்குத் திருப்பி அனுப்பியபோது எங்கோ கீழே போட்டுவிட்டார்கள். பிளேட் நாலு இடத்தில் வெடித்தது. புதிய பிளேட் போட்டுத் திருத்தினார்கள், ஆனாலும் பழைய பியானோவாக அது திரும்பவில்லை என்று கூல்ட் கடைசிவரை குறைப்பட்டார். இப்போது அது ஒட்டாவாவில் தேசிய கலை மையத்தில் நிற்கிறது. மரத்தை மாற்றலாம், ஆணியை மாற்றலாம், கம்பியை மாற்றலாம். பிளேட் போனால் அநேகமாகப் பியானோவே போனமாதிரி.

தூக்குவதற்கு முன் அளவெடு. பாலங்களின் மேல் கம்பி எவ்வளவு கீழ்நோக்கி அழுத்துகிறது, ஓரங்களில் பிளேட் என்ன உயரத்தில் நிற்கிறது, வெளிச்சட்டமான ரிம்மிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது எல்லாவற்றையும் குறி. பிளேட் திரும்பி வந்து உட்காரும்போது அதே இடத்தில், அதே உயரத்தில் உட்கார வேண்டும். அரை மில்லிமீற்றர் மாறினால் ஒலிப்பலகைமேல் விழும் அழுத்தமே மாறிவிடும். திருகாணிகளை ஒரு அட்டையில் பிளேட்டின் வரைபடம் போட்டு அதனதன் இடத்தில் குத்திவை. தூக்குவதற்குச் சங்கிலித் தூக்கி வாடகைக்கு எடு. பக்கத்துவீட்டுப் பெடியன்களைக் கூப்பிடாதே. கிராண்ட் பிளேட் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், பிடிக்கும் இடமெல்லாம் கூர்.

பழைய பிளாக்கை முழுதாக எடுக்கப் பார். அதுதான் உன் மாதிரி. அதன் தடிப்பைப் பல இடங்களில் அளந்து எழுது. முப்பத்தைந்து, முப்பத்தெட்டு மில்லிமீற்றர் என்று வரும், ஒரே சீராக இராது. புதியது அதைவிடத் தடித்தால் சுத்தியல் வரிசை அடியில் உரசும், அக்ஷன் எனும் விசைப்பொறி உள்ளேயே போகாது. மெலிந்தால் ஆணியின் பிடி குறையும். ரிம்மோடும் முன்சட்டத்தோடும் ஒட்டியிருந்தால், எந்த இடத்தில் வெட்டுவது என்று ஒரு முழுநாள் யோசித்தாலும் பரவாயில்லை.

பலகை எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தாய். உனக்கு அருகிலேயே இருக்கிறது, மகள். கியூபெக் நகருக்குத் தெற்கே போஸ் பகுதியில், சான்-ஜோசஃபில், போல்டுக் குடும்பத்தின் பட்டறை இருக்கிறது. வட அமெரிக்கா முழுவதும் பியானோ திருத்துபவர்கள் அவர்களின் மேப்பிள் பிளாக்கையும் ஒலிப்பலகையையும் வாங்குகிறார்கள். போஸ் மேப்பிள் பாகுக்கும் பேர்போன பகுதி. காலையில் அப்பத்தில் ஊற்றும் பாகு வரும் மர வகையில்தான் சுருதியும் நிற்கிறது. ஜேர்மனியிலிருந்து வரும் டெலிக்னிற்றும் உண்டு. மெல்லிய பீச் தாள்களை அழுத்தி ஒட்டியது, இரும்பு போல் கனம். அது அசையாது, வெடிக்காது, ஆனால் ரியூனரின் கைக்குச் சற்று விறைப்பாக இருக்கும். சில அடுக்குகளாக ஒட்டிய மேப்பிளில் ஆணி வழுக்கிக்கொண்டு திரும்பும், கைக்கு இதம். ஈரப்பதத்துக்கு அது கூடுதலாக அசையும் என்பதும் உண்மை. அந்த அம்மாவின் வீட்டில் ஈரமூட்டி ஓடுமென்றால் மேப்பிள் போடு. ஓடாது, கவனிக்க ஆளில்லை என்றால் டெலிக்னிற். நான் மேப்பிள்காரன், அதையும் சேர்த்து எடைபோட்டுக்கொள்.

பிளேட்டைக் கவிழ்த்துக் குதிரைகள்மேல் வை. ஃபிளேஞ்சைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஒட்டிய பசை, பூச்சின் சொட்டு, வார்ப்பு மணலின் கரடு எல்லாவற்றையும் எடு. பிறகு ஒரு நேர்மட்டத்தை அதன்மேல் வைத்துப் பார். நேராக இராது, செங்குத்தாகவும் இராது. மணல் அச்சில் வார்த்த இரும்பு அப்படித்தான், சில இடம் உள்வாங்கியிருக்கும், சில இடம் புடைத்திருக்கும். அதை நேராக்க முனையாதே. இந்த வேலையில் இரும்பு மாமியார் வீடு, மாற வேண்டியது மரம்தான்.

முதலில் மேல்முகம். பிளாக்கின் மேற்பரப்பு பிளேட்டின் தட்டையோடு ஆடாமல் உட்கார வேண்டும். இதை முடிக்காமல் விளிம்புக்குப் போகாதே. மேல்முகத்தைச் சீவினால் பிளாக் கீழே இறங்கும், விளிம்பில் பார்த்த வேலை எல்லாம் வேறு உயரத்துக்குப் போய்விடும். பிறகு விளிம்பின் கோட்டை மரத்தில் இறக்கி, சாய்வுக்குத் தக்கபடி பட்டைவாளின் மேசையைச் சாய்த்து, கோட்டுக்கு வெளியே ஒரு மில்லிமீற்றர் விட்டு அறு.

அதற்குப் பிறகுதான் பொறுமை. ஃபிளேஞ்சில் நீலச் சுண்ணப்பொடியைத் தடவு. பிளாக்கை வைத்து, கிளாம்பும் ஆப்பும் போட்டு விளிம்பை நோக்கி இறுக்கு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே அளவு இறுக்கம். மரச்சுத்தியலால் ஒரு தட்டு. கழற்று. முதல் தடவை நாலைந்து நீலப்புள்ளிதான் விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகளை மட்டும் அரத்தால் எடு, பக்கத்து மரத்தைத் தொடாதே. திரும்பப் பொடி, திரும்ப இறுக்கு, திரும்பக் கழற்று. புள்ளிகள் பெருகும், தீவுகளாகும், தீவுகள் சேரும். நடுவில் ஒரு கட்டம் வரும், ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசமானது போலத் தோன்றும். உயரப் புள்ளி ஒன்று போனதும் பிளாக் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது, அதனால் தொடும் இடங்கள் மாறுகின்றன. அப்போதுதான் ஆட்கள் பெரிய அரத்தை எடுத்து ஒரே இழுப்பில் முடிக்கப் பார்ப்பார்கள். நீ அந்த நேரத்தில் கதவைப் பூட்டிவிட்டு ஜாறி பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வா.

எவ்வளவு போதும்? முகத்தில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு நீலமாக வேண்டும். மீதி ஒரே இடத்தில் கும்பலாக இல்லாமல் சிதறியிருக்க வேண்டும். உச்சப் பகுதியிலும் பகுதிகள் மாறும் மூலைகளிலும் இடைவெளி அறவே கூடாது.

எப்பொக்சி பற்றிச் சண்டை உண்டு. சிலர் பிளேட்டுக்கு மெழுகு தடவி, ஃபிளேஞ்சுக்கும் மரத்துக்கும் இடையே எப்பொக்சியை நிரப்பி, அது இறுகியதும் பிரித்தெடுப்பார்கள். இரும்பின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அச்சாக வந்துவிடும். அது கெட்ட வேலை என்று சொல்லமாட்டேன். அமுக்கத்தை நல்ல எப்பொக்சி தாங்கும், கையால் வராத பொருத்தம் அதில் வரும். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: மரத்தால் எட்டக்கூடிய தூரம் எட்டிய பிறகு, கடைசி மயிரளவுக்கு எப்பொக்சி. மூன்று மில்லிமீற்றர் ஓட்டையை மூட அதை ஊற்றுபவன் பிளாக் பொருத்தவில்லை, பல் அடைக்கிறான். நீ முதல் பிளாக்கை மரத்தாலேயே பொருத்து. கை அதில் கற்கும். மூன்றாவது பிளாக்கில் எப்பொக்சிப் போத்தலைத் திற.

இறுக்கிய நிலையிலேயே திருகாணித் துவாரங்களைக் குறித்துத் துளை. திருகாணி போட்ட பிறகு பொடியை இன்னொரு முறை தடவிப் பார்க்க மறக்காதே. திருகாணிகள் பிளாக்கைப் பிளேட்டை நோக்கி இழுக்கும்போது விளிம்பிலிருந்து விலக்கிவிடக்கூடும். மேல்முகம் சரியாக உட்காராமல் திருகாணியை முறுக்கினால் வளையப்போவது பிளேட். கூல்ட் கதையை நினைத்துக்கொள்.

ஆணித் துவாரங்களுக்கு வருகிறேன். பிளேட் வழியாக நடுப்புள்ளிகளைக் குத்திக் குறித்துவிட்டு, துளைப்பொறியின் மேசையைச் சாய்த்துத் துளை. ஆணி கம்பியின் இழுவைக்கு எதிர்ப்பக்கம் ஏழு பாகை அளவு சாய்ந்து நிற்க வேண்டும். பழைய பிளாக்கின் சாய்வை அளந்து அதையே பின்பற்றுவது உத்தமம். 2/0 அளவு ஆணியின் விட்டம் 0.282 அங்குலம், ஏழு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். துவாரம் ஆறரை மில்லிமீற்றர் சுற்றுவட்டாரம். எந்தத் துளை அலகு என்று நான் சொல்லமாட்டேன். அதை உன் பலகையின் துண்டைக் கேள். அறுத்து மிஞ்சிய துண்டில், 0.001 அங்குல வித்தியாசத்தில் மூன்று நாலு அலகால் துளைத்து, ஆணி அடித்து, சில நாள் விட்டு, முறுக்குமானியை வை. 100, 110 எந்தத் துவாரத்தில் வருகிறதோ அந்த அலகு. அலகு கூராக இருக்கட்டும், வேகம் மிதமாக, தூள் வெளியேறட்டும், காற்று ஊதட்டும். மரம் கருகிய மணம் வந்தால் உடனே நிறுத்து. துவாரச் சுவர் வெந்து கண்ணாடிபோல் மினுங்கினால் அதில் ஆணி விட்டு விட்டுக் குதிக்கும், வழுக்காது. 230 துவாரத்துக்கு ஒரு அலகு போதாது. காசு பாராமல் மாற்று. தூசு முகமூடியும் காதுக்கவசமும் போடு. கடின மரத்தூள் சுவாசப்பைக்குக் கூடாது.

சுருதிக் கைப்பிடியைப் பிடிப்பவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உனக்குத் தோன்றலாம். கையில் தெரியும். கூல்டின் ரியூனர் வேர்ண் எட்க்விஸ்றுக்குப் பார்வை மிகமிகக் குறைவு. பார்வையற்றோர் பாடசாலையில் தொழில் படித்து, ரொறன்ரோவில் ஹைன்ஸ்மன் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். மொன்றியலில் 1861இல் தொடங்கிய நசரேத் நிறுவனத்திலும் பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சங்கீதத்தோடு இந்தத் தொழிலையும் சொல்லிக்கொடுத்தார்கள். பாரிசில் குளோத் மொந்தால் என்ற பார்வையற்ற ரியூனர் 1836இலேயே பியானோ சுருதி கூட்டுவதுபற்றிப் புத்தகம் போட்டார். நீ வைக்கும் பிளாக்கை அப்படிப்பட்ட கைகள் சோதிக்கும். ஆணி திரும்புகிறதா, முறுகி மட்டும் நிற்கிறதா, பிளாக் அசைகிறதா என்று அந்தக் கை ஒரு நிமிடத்தில் சொல்லும். அதனால் நீயும் சுருதி கூட்டக் கற்றுக்கொள். பிளாக் செய்பவர் தன் பிளாக்கைத் தானே ஒரு வருடமாவது சுருதி கூட்டிப் பார்க்காவிட்டால், தான் என்ன செய்தார் என்றே அவருக்குத் தெரியவராது.

இந்த ஊரில் இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் உண்டா என்று கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தாய். மழுப்பாமல் சொல்கிறேன். மொன்றியலுக்கு வடக்கே சான்-தெரேஸ் ஒரு காலத்தில் பியானோ ஊர். லெசாஜ் நிறுவனம் 1891இல் அங்கே தொடங்கியது, வில்லிஸ் தொழிற்சாலையும் அங்கேதான் இருந்தது. 1980கள் முடிவதற்குள் இரண்டும் மூடிவிட்டன. புதிதாகச் செய்யும் வேலை இந்த மாகாணத்தில் திரும்பி வருமென்று நான் நினைக்கவில்லை. திருத்தும் வேலை இருக்கும், ஏனென்றால் அங்கே செய்த பியானோக்கள் இன்னும் வீடுகளில் நிற்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பங்கு அப்ரைட், பெரும்பங்கு திருத்தும் பெறுமதி இல்லாதவை. வருடத்துக்கு ஒன்றிரண்டு பின்பிளாக்கால் வீட்டு வாடகை வராது. சுருதி கூட்டுவதுதான் சோறு போடும், பிளாக் அதன்மேல் ஊற்றும் குழம்பு. இரண்டு மொழியில் பேசத் தெரிந்த, சொன்ன நாளில் வந்து நிற்கும் ரியூனருக்கு அந்த வட்டாரத்தில் வேலை குறையாது. உன் அம்மாவிடம் நீ இதைச் சொல்லத் தயங்குகிறாய் என்று தெரியும். கணக்கியல் படிப்பை விட்ட கோபம் அவளுக்கு இன்னும் இருக்கிறது. ஒரு வருட வரவு செலவை எழுதி அவள் கையில் கொடு. அவளுக்கு எண்கள் விளங்கும், விளக்கம் விளங்காது. தேவையென்றால் நான் பேசுகிறேன், ஆனால் எண்ணைக் கண்ட பிறகுதான்.

மணித்தியாலங்களை எழுதிவை. பொருத்துவதற்கு எடுத்த நேரத்துக்குக் கூலி போடக் கூசாதே. அந்த வேலை வாடிக்கையாளர் கண்ணில் படாது என்பதற்காக அதை இலவசமாகக் கொடுத்துப் பழகினால், பிறகு நீயே அதைச் சுருக்கத் தொடங்குவாய். பொடி தடவிய நிலையில் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து அந்த அம்மாவுக்குக் காட்டு.

சோதனைத் துண்டில் வந்த முறுக்கு அளவுகளை எனக்கு அனுப்பு. எந்த அலகு, எந்த நாள் அடித்தது, எந்த நாள் அளந்தது என்று பக்கத்தில் குறி. அன்றைய ஈரமானி எண்ணையும் எழுது, அது இல்லாமல் மற்ற எண்களை வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஃபிளேஞ்ச் படங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். மாமி உனக்குப் பருத்தித்துறை வடை கட்டி வைத்திருக்கிறா. வாற கிழமை மொன்றியலுக்கு வரும் ஆளிடம் அதோடு என் பழைய முறுக்குமானியையும் கொடுத்துவிடுகிறேன். பூச்சியத்தைச் சரிபார்த்துவிட்டுப் பாவி.

அன்புடன்,
மாமா